புல்லரின் மூன்றாவது கால்

1

எங்கள் ஒர்க்‌ஷாப்பில் இந்த வாரம் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். ஒரு பக்கம் அரபி, ஒரு பக்கம் ஆங்கிலம். இரண்டும் எனக்கு ஒன்றுதான். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. மஸ்கட்டுக்கு வந்து எட்டு வருடம் ஆகியும் சுவரில் ஒட்டியிருப்பதை யாராவது படித்துச் சொன்னால்தான் உண்டு. ஸ்டோரில் இருக்கும் மலையாளி பேபிச்சன் படித்துச் சொன்னார்.

"அண்ணா, கையால உண்டாக்கின டூல் எல்லாம் வியாழக்கிழமை வாசல்ல வைக்கிற டிரம்முல போடணுமாம். யார் பெட்டியிலயாவது பாத்தா நாட்டுக்கு அனுப்பிடுவாங்களாம்."

வேறொரு ஒர்க்‌ஷாப்பில் கையால் செய்த ஜாக்கி ஒன்று சரிந்து ஒருவருக்கு இடுப்பு நசுங்கிவிட்டதாம். அதனால்தான் இந்த உத்தரவு. டிரம்மில் போட்டால் மட்டும் போதாது, ஒரு படிவமும் தர வேண்டும். என்ன கருவி, எதில் செய்தது, எந்த வேலைக்கு, எத்தனை வருடமாக என்று வரிசையாகக் கேட்டிருந்தார்கள். நான் சொல்லச் சொல்ல பேபிச்சன் எழுதினார். மாவு டின் தகட்டை வளைத்துச் செய்த பிஸ்டன் ரிங் பட்டி. சவர பிளேடுகளை அடுக்கி நான் செய்துகொண்ட இடைவெளி அளக்கும் தகடு. தண்ணீர்க் குழாயைப் பழுக்கக் காய்ச்சி நட்டின் மேல் அடித்து இறக்கிய பாக்ஸ் ஸ்பானர். எழுதிக்கொண்டே வந்தவர் சிரித்துவிட்டார்.

"புல்லர் ஒண்ணும் இல்லையா அண்ணா? எல்லார் லிஸ்ட்லயும் இருக்கு."

"இல்லை" என்றேன். அது உண்மை. சக்கரத்து பிரேக் டிரம்மைக் கவ்வி இழுத்துக் கழற்றும் புல்லரை மட்டும் பதினாலு வருடமாக நான் கையால் செய்ததில்லை.

அன்று புதன்கிழமை. சாயங்காலம் அறைக்குத் திரும்பியபோது என் மகன் முருகேசனின் கடிதம் கட்டிலில் கிடந்தது.

2

அவன் எனக்குக் கடிதம் எழுதுவது அபூர்வம். நான் விமானம் ஏறியபோது அவனுக்குப் பன்னிரண்டு வயது. முதல் இரண்டு வருடம் கேசட்டில் பேசி அனுப்புவான். பிறகு கேசட்டில் அவன் அம்மா மட்டும் பேசினாள், பின்னால் அவன் வண்டியை உதைத்துக் கிளப்பும் சத்தம் கேட்கும். ஐ.டி.ஐ.யில் சேர்த்துவிட்டேன். பாதியில் விட்டுவிட்டான். இப்போது கம்பத்திலிருந்து குமுளி மலைக்கு ஏலத்தோட்டத்து ஆட்களை ஏற்றிப் போகும் ஜீப்புக்கு டிரைவர். போன தடவை லீவில் போனபோது நான் வீட்டுக்குள் வந்தால் அவன் வாசலுக்குப் போய்விடுவான். அப்படிப்பட்டவன் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறானே என்று சந்தோஷமாகத்தான் பிரித்தேன்.

"அப்பா, பின்சக்கரத்து பிரேக் லைனிங் தேஞ்சு போச்சு. டிரம்மைக் கழட்ட தேனிக்குப் போகச் சொன்னாக. நான் போகல. நீங்க அந்தக் காலத்துல செஞ்ச மாதிரியே லாரி ஸ்பிரிங் பட்டையில மூணு கால் வெட்டி நானே ஒரு புல்லர் செஞ்சிட்டேன். இழுக்கும்போது ஒரு கால்ல நுனி மூக்கு மட்டும் கொஞ்சம் ஒடஞ்சிருச்சு. மத்த ரெண்டு காலை வச்சே தட்டித் தட்டி ரெண்டு பக்கமும் கழட்டி, புது லைனிங் மாட்டிட்டேன். ஸ்டாண்டுல எல்லாரும் லோயர் கேம்புக்கு நீங்க ஓடுன கதையைச் சொல்லி, அப்பனை மாதிரியே புள்ளைங்கிறாக."

அந்த இடத்தை நான்கைந்து முறை படித்தேன். உடைந்த மூக்கு எங்கே போனது என்று அவன் எழுதவில்லை. உறையைத் திருப்பித் தபால் முத்திரையைப் பார்த்தேன். பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. ஒரு நாளைக்கு ஒரு தடவை மேலே, ஒரு தடவை கீழே. அந்த மலையில் எத்தனை வளைவு என்று எனக்குத் தெரியும். பக்கத்துக் கட்டில்காரர் சாப்பிடக் கூப்பிட்டார். பசியில்லை என்று சொல்லிவிட்டேன்.

3

குமுளி மலையடிவாரத்து லோயர் கேம்புக்கு நான் ஓடிய கதை நம் ஊர்ப் பக்கத்தில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகவும், தெரியும் என்று நினைப்பவர்களுக்காகவும் நடந்ததை எழுதுகிறேன்.

பதினாலு வருடத்துக்கு முன் கம்பம் மெயின் ரோட்டில் ஒரு தகரக் கொட்டகையில் நான் ஜீப் வேலை பார்த்துவந்தேன். கம்பெனிக் கருவி என்றால் மதுரைக்குப் போக வேண்டும். அதனால் எது உடைந்து கிடந்தாலும் எடுத்துவைப்போம். லாரி ஸ்பிரிங் பட்டை எங்களுக்குத் தங்கம் மாதிரி. அதில் கால் வெட்டலாம், உளி செய்யலாம், நெம்புகோல் செய்யலாம். என் புல்லரின் மூன்று கால்களும் ஸ்பிரிங் பட்டை. நடுத் திருகு ஒரு செத்துப்போன ஜாக்கியில் கழற்றியது. ஒவ்வொரு காலின் நுனியும் கிளி மூக்கு போல உள்பக்கம் வளைந்திருக்கும். அந்த மூக்குதான் டிரம்மின் விளிம்பைக் கவ்வும்.

ஸ்பிரிங் பட்டையில் ஒரு விஷயம் உண்டு. வளைப்பதற்காக அதைச் சிவக்கக் காய்ச்சினால் மெத்தென்று ஆகிவிடும். மறுபடி கடினமாக்க, காய்ச்சி ஆயிலில் முக்க வேண்டும். அத்தோடு விட்டால் தட்டினால் உடைகிற கண்ணாடி மாதிரி ஆகிவிடும். தேய்த்துப் பளபளப்பாக்கி, மெல்லிய தீயில் இரண்டாம் முறை வாட்ட வேண்டும். இரும்பில் வைக்கோல் நிறம் ஓடி வரும்போது எடுத்து ஆறவைக்க வேண்டும். இந்த இரண்டாவது சூட்டுக்குத்தான் பொறுமை வேண்டும்.

அன்று காலையில் டிரைவர் பெருமாள் அண்ணனின் ஜீப் வந்து நின்றது. பின்பக்கம் இடது சக்கரத்தில் பிரேக் பிடிக்கவில்லை. என் புல்லரில் ஒரு கால் முதல் நாள்தான் வளைந்துபோயிருந்தது. புதிதாக ஒன்று அடித்து, காய்ச்சி, ஆயிலில் முக்கிவிட்டேன். இரண்டாம் சூட்டுக்கு மறுபடி உலையை ஊத வேண்டும்.

"ஏலே, நீ என்ன பணியாரமா சுடுற? ஆளுக வந்துட்டாக. சட்டுபுட்டுன்னு முடி" என்றார் பெருமாள் அண்ணன்.

இன்னும் ஒரு சூடு இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அப்போதும் சரி இப்போதும் சரி, யாராவது அவசரப்படுத்தினால் வாய் வராது. அப்படியே மாட்டினேன். திருகை இறுக்கும்போது 'டிக்' என்று ஒரு சத்தம். டிரம் கழன்று வந்துவிட்டது. கழன்ற சந்தோஷத்தில் சத்தத்தை மறந்துவிட்டேன். லைனிங்கைச் சரிசெய்து, டிரம்மை ஏற்றி, நட்டை முடுக்கிச் சக்கரத்தையும் மாட்டிக் கொடுத்தேன்.

ஜீப் எதிரே டீக்கடை முன்னால் போய் நின்றது. பெண்கள் தூக்குச் சட்டியோடு ஏற ஆரம்பித்தார்கள். கங்காணி செல்லத்தாயி அக்கா ஒவ்வொருத்தியாகத் தள்ளி உட்காரவைத்துக்கொண்டிருந்தாள். நான் புல்லரைத் துடைத்து ஆணியில் மாட்டப் போனேன். புதுக் காலுக்கு மூக்கு இல்லை.

ஜீப் அப்போது முப்பது அடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தது. கதையில் இந்த இடம் வராது.

4

வியாழக்கிழமை காலையில் முதல் வேலையாக ஊருக்குப் போன் செய்திருக்க வேண்டும். தந்தி கொடுக்கலாம் என்றும் நினைத்தேன். எங்கள் தெருவில் தந்தி வந்தால் சாவு என்றுதான் அர்த்தம். பிரிப்பதற்கு முன்பே என் மனைவி விழுந்துவிடுவாள். அதைப் படித்துச் சொல்ல ஆள் தேடிச் சாயங்காலம் ஆகிவிடும். ஜீப் ஸ்டாண்டுக்கு எதிரே ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியின் போன் நம்பர் என்னிடம் இருந்தது. ஒரு மணி நேரம் வெளியே விட்டால் போதும்.

ஃபோர்மேன் எகிப்துக்காரர். நல்ல மனிதர். அவர் அறை வாசலுக்கு மூன்று முறை போனேன். முதல் முறை அவர் டெலிபோனில் இருந்தார். இரண்டாம் முறை என்னைப் பார்த்து "என்ன?" என்பது போலத் தலையை ஆட்டினார். எனக்குத் தெரிந்த அரபியில் வண்டி, எண்ணெய், முடிந்தது, நாளை எல்லாம் உண்டு. மகன், மலை, பயம் இல்லை. "கலாஸ்" என்று மட்டும் வந்தது. வேலை முடிந்தது என்று அர்த்தம். அவர் "நல்லது" என்று சொல்லிக் குனிந்துகொண்டார். மூன்றாம் முறை வாசலில் டிரம்மை வைத்து ஒவ்வொருவரையும் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். நானும் வரிசையில் போய் நின்றேன். என் கருவிகளை ஒவ்வொன்றாகப் போட்டேன். பேபிச்சனை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டிருக்கலாம். அவரிடம் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். சொன்னால் நாலு பேருக்குத் தெரியும்.

வேலை விட்டு வெளியே வந்தபோது நம் ஊரில் கடை அடைத்திருப்பார்கள். பதின்மூன்றாவது நாளும் போயிற்று.

5

மூக்கு இல்லாத காலைப் பார்த்ததும் நான் ஜீப்பை நோக்கி நடக்கவில்லை. முதலில் கீழே பார்த்தேன். மண்ணில் விழுந்திருக்கும் என்று நினைத்தேன், அப்படித்தான் நினைக்க விரும்பினேன். எதிரே பதினோரு பெண்கள், டிரைவர், டீக்கடையில் இருந்தவர்கள். இத்தனை பேர் முன்னால் போய், நான் செய்த கருவி உடைந்துவிட்டது, அதன் துண்டு உங்கள் சக்கரத்துக்குள் இருக்கலாம், எல்லோரும் இறங்குங்கள் என்று சொல்ல வேண்டும். பெருமாள் அண்ணன் அதற்கப்புறம் ஆறு மாதத்துக்குச் சொல்லிக்காட்டுவார். கிடைத்துவிட்டால் யாருக்கும் சொல்ல வேண்டாம். பழைய ரேடியோ ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம் ஒன்று வைத்திருந்தேன். அதை மண்ணில் இழுத்துப் பார்த்தேன். ஆணிகளும் ராவிய தூளும் ஒட்டின. பிறகு சல்லடை எடுத்து மண்ணைச் சலித்தேன். ஜீப் கிளம்பும் ஹாரன் கேட்டது. நிமிரவில்லை. இன்னும் ஒரு கை, இன்னும் ஒரு கை என்று சலித்துக்கொண்டே இருந்தேன். இருபது நிமிடம் இருக்கும்.

மண்ணில் அது இல்லை என்று உறுதியானபோதுதான் சல்லடையைப் போட்டுவிட்டு எழுந்தேன்.

கதையில் சொல்கிறபடி நான் ஓடவில்லை. கூடலூர் வழியாகச் செங்கல் ஏற்றிப் போன லாரியில் ஏறினேன். மடியில் புல்லர். ஒவ்வொரு திருப்பத்திலும் ரோட்டில் கூட்டம் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன். மாடு குறுக்கே வந்து லாரி நின்றபோது, நானே இறங்கி அதை விரட்டினேன். லாரி டிரைவர் ஏதோ பேசினார், ஒன்றும் காதில் ஏறவில்லை. அந்த மலையில் பிரேக் இறுகிச் சக்கரம் பூட்டிக்கொண்டால் ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒன்றுமில்லை. பதினோரு பேரில் ஆறு பேரை எனக்குப் பெயர் சொல்லித் தெரியும்.

லோயர் கேம்பில், மலை ஏறுவதற்கு முன் சூடம் காட்டும் கோயில் முன்னால் ஜீப் நின்றிருந்தது. வழியில் ஒருத்திக்கு வாந்தி வந்து இரண்டு இடத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். அதுதான் காப்பாற்றியது. பெருமாள் அண்ணன் தேங்காய் உடைத்துவிட்டுத் திரும்பினார்.

"என்னலே, நீயும் ஏலக்கா பறிக்க வர்றியா?"

"அண்ணே, ஆளுகளை எறக்குங்க. டிரம்மைக் கழட்டணும்."

"காலையிலதானல கழட்டுன? வெளையாடுறியா?"

"மூக்கு ஒடஞ்சிருச்சுண்ணே. உள்ள கெடக்கு."

செல்லத்தாயி அக்கா வண்டிக்குள்ளிருந்தே குரல் கொடுத்தாள். "யாரு மூக்குய்யா ஒடஞ்சுச்சு? ஒன் மூக்கு நல்லாத்தான இருக்கு." எல்லோரும் சிரித்தார்கள். என் முகத்தைப் பார்த்த பிறகு அவளே முதலில் இறங்கினாள். "ஏத்தா, எறங்குங்கடி. இவன் மூஞ்சி வெளுத்துக் கெடக்கு."

புல்லரில் இரண்டு கால்தான் மிச்சம். இரண்டு காலில் இழுத்தால் டிரம் கோணிக்கொண்டு நிற்கும். அங்கே ஒரு சைக்கிள் கடையின் பின்னால் பழைய கேட்டிலிருந்து கழற்றிப் போட்ட இரும்புப் பட்டை கிடந்தது. இரண்டு முனையிலும் ஓட்டை. சக்கரத்தைக் கழற்றி, அந்தப் பட்டையை இரண்டு போல்ட்டில் செருகி, ஆக்சில் நுனிக்கும் பட்டைக்கும் நடுவே ஒரு பெரிய போல்ட்டுத் தலையை முட்டுக் கொடுத்தேன். சக்கரத்து நட்டுகளை இந்தப் பக்கம் அரைத் திருகு, அந்தப் பக்கம் அரைத் திருகு என்று மாற்றி மாற்றி முடுக்கினேன். பட்டை வில்லாக வளைந்தது. தெறித்து முகத்தில் அடிக்குமோ என்று பெருமாள் அண்ணன் தள்ளி நின்றார். ஆக்சில் நட்டை இரண்டு சுற்று தளர்த்தி வைத்திருந்தேன். சுத்தியலால் ஒரு தட்டு. டிரம் விட்டது.

துண்டு உள்ளேதான் இருந்தது. லைனிங்கின் ஓரத்தில் பாதி புதைந்து, டிரம்மில் விரல் நகம் இறங்குகிற ஆழத்துக்குக் கோடு போட்டிருந்தது. பெருமாள் அண்ணன் அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்தார். தலையை நிமிர்த்தி மலையைப் பார்த்தார். பிறகு ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

செல்லத்தாயி அக்கா கோயில் விபூதியை அள்ளி வந்து என் நெற்றி நிறையப் பூசினாள். "தெரிஞ்ச நிமிசமே ஓடியாந்துட்டான் பாரு. பெத்தவ நல்லா இருக்கணும்" என்றாள்.

தெரிந்த நிமிடமே. நான் வாயைத் திறக்கவில்லை. ஊருக்குத் திரும்புவதற்குள் கதை எனக்கு முன்னால் போய்விட்டது. லாரி மறைந்து ஓட்டமாயிற்று. எட்டு மைல் ஓடி வந்தான் என்றார்கள். டீக்கடையில் எழுந்து இடம் கொடுத்தார்கள். என் மகன் அந்தக் கதையைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தான். மூக்கு உடைந்தால் என்ன, அப்பா எப்படியும் சமாளித்தாரே என்றுதான் அவனுக்குப் புரிந்திருக்கிறது. அதில் இரண்டாவது சூடும் இல்லை, நான் மண்ணைச் சலித்த இருபது நிமிடமும் இல்லை. இரண்டையும் மறைத்தது நான்.

பெருமாள் அண்ணனும் செல்லத்தாயி அக்காவும் இதை யாராவது படிக்கக் கேட்டால், இப்போதாவது தெரிந்துகொள்ளட்டும்.

6

இதை எழுதுவது வெள்ளிக்கிழமை மதியம். இன்று காலை விடிவதற்குள் தொலைபேசி நிலையத்துக்குப் போய்விட்டேன். அங்கும் படிவம். ஊர், நம்பர், யாரிடம் பேச வேண்டும், எத்தனை நிமிடம். மூன்று நிமிடம் என்று பக்கத்தில் நின்றவரை எழுதவைத்துக் கொடுத்தேன். ஜீப் கிளம்புவது எட்டு மணிக்கு. இங்கே அது ஆறரை. ஆறு மணி இருபது நிமிடத்துக்கு என் எண்ணைக் கூப்பிட்டார்கள். அண்ணாச்சி எடுத்தார்.

"யாரு? மஸ்கட்டா? ஏய்யா, என்ன இந்நேரம்? ஒன் மகனா? எதுத்தாப்புலதான் நிக்குறான், ஆளு ஏத்திக்கிட்டு. ஏலே முருகேசா, ஒங்கப்பன்டா."

நிற்கிறான் என்று கேட்டதும் போன் கூண்டின் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்பா? என்னப்பா, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"அந்த ஒடஞ்ச மூக்கு எங்கடா?"

"எந்த மூக்கு? ஓ, அதா. அங்கனதான் மண்ணுல விழுந்திருக்கும்."

"நீ கண்ணால பாத்தியா?"

"பாக்கல."

"வண்டியில சத்தம் வருதா?"

"பின்னாடி லேசா கீச்சுங்குது. புது லைனிங்கு அப்பிடித்தான்னு சொன்னாக."

"ஆளுகளை எறக்கு. டிரம்மைக் கழட்டிப் பாரு."

"அப்பா, பதிமூணு பேரு ஏறியாச்சு. சாயங்காலம் வந்து பாக்குறேன். நீங்க இருந்தா ஒரு நிமிசத்துல கழட்டிருவீக, எனக்கு ஒரு மணி நேரமாகும்."

"முருகேசு, நான் ஓடலடா."

"என்னது?"

"அன்னைக்கு ஜீப்பு நின்னுக்கிட்டு இருக்கும்போதே பாத்துட்டேன். எதுக்க டீக்கடை முன்னாடிதான் நின்னுச்சு. கூப்புடு தூரம். சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு மண்ணைச் சலிச்சுக்கிட்டு இருந்தேன். வழியில ஒருத்திக்கு வாந்தி வரலன்னா பன்னெண்டு பேரும் செத்திருப்பாக. இதுதான்டா நடந்தது."

இவ்வளவு பேச்சை நான் அவனோடு ஒரேயடியாகப் பேசியதில்லை.

"எல்லாரும் பாக்குறாகப்பா" என்றான். சின்ன வயதுக் குரல் மாதிரி இருந்தது.

"பாக்கட்டும்."

போனை மேசையில் வைக்கும் சத்தம். பிறகு தூரத்தில் அவன் குரல். "அக்கா, எல்லாரும் எறங்குங்க. வண்டி போகாது." ஒரு பெண் வையத் தொடங்கினாள். அதற்குள் மூன்று நிமிடம் முடிந்துவிட்டது.

நான் வெளியே வந்து இன்னொரு படிவம் எழுதவைத்துக் கொடுத்தேன். ஒன்றரை மணி நேரம் கழித்து மறுபடி லைன் கிடைத்தது. அண்ணாச்சிதான் எடுத்தார்.

"ஏய்யா, நல்ல காரியம் பண்ணுன. ஆளுக எல்லாம் வைஞ்சுக்கிட்டே வேற வண்டியில ஏறிப் போயிட்டாக. எடது பக்கம் கழட்டிட்டான். உள்ள ஒன்னுமே இல்ல. ஸ்டாண்டே சிரிக்குது."

"அவன் என்ன பண்றான் அண்ணாச்சி?"

"எந்தப் பக்கத்தை மொதல்ல கழட்டுனான்னு அவனுக்கே ஞாபகம் இல்லங்கிறான். போதும், மாட்டிட்டுப் போடான்னு நாலு பேரு சொல்லியாச்சு. எவன் பேச்சையும் கேக்கல. வலது பக்கத்துக்கு ஜாக்கி போட்டுட்டான்."